எதிர்க்கடைக்கு

குலேந்திரன்,
நேற்று மத்தியானம் றோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து
போனில் ஒரு கேள்வி கேட்டனீர்.
என்னிலும் ரெண்டு வயது மூத்தவர்,
எண்டாலும் ‘அக்கா’ எண்டீர். வியாபாரம் தெரிஞ்ச ஆள்.
நான் பதில் சொல்லமுன் லைன் அறுந்துபோச்சு.
கடைசியில் சொல்லுறன்.

கடை திறந்த அண்டைக்கு நீர் கட்டின பனர்
சுன்னாகச் சந்தி அகலம்.
இருபது வீதக் கழிவு, பலூன், ஸ்பீக்கர்.
வந்த சனம் கேக் சாப்பிட்டுப் போச்சுது.
மோட்டர் பழுதாகாத மனிசனுக்கு
இருபது வீதம் என்னத்துக்கு?

எங்கட தொழிலுக்கு ஆக்கள் வாறது
ஆசையில் இல்லை, அந்தரத்தில்.
விடிய அஞ்சு மணி. வெங்காயப் பாத்தி காய்ஞ்சு கிடக்கு.
சுவிச்சைப் போட்டால் ஒரு முனகல்,
கொஞ்சம் புகை,
பேந்து ஒண்டுமில்லை.
அந்த நேரம் அவரின்ர கண்ணுக்கு முன்னால நிக்கிறது
உம்மட பனர் இல்லை,
கிணத்தடியும் செத்த மோட்டரும்தான்.
அதுதான் நான் திருத்தின ஒவ்வொண்டின்ர வயித்திலும்
மஞ்சள் எனாமலில் என்ர நம்பர்.
ஒரு டின் பெயின்ற். மூண்டு வருசம் காணும்.

நோட்டீசும் அடிச்சனான், ஒளிக்க என்ன இருக்கு.
ஆயிரம்.
ஏழாலையில் ஒரு வடைக்கடையில்
அதிலேயே சுத்தி எனக்குத் தந்தாங்கள்.
எண்ணெய்க்குள்ளால என்ர பெயர்
நல்ல வடிவாய்த் தெரிஞ்சுது.

ஆள் எடுக்கிற விசயம்.
ரூபகாந்தன் கொயில் சுத்தினால்
பாத்துக்கொண்டே இருக்கலாம்.
ஆனால் வாற சனத்தை நிமிர்ந்து பாக்கான்.
‘எப்ப முடியும்?’
‘முடியேக்க முடியும்.’
நிப்பாட்டுவமோ எண்டு ரெண்டு கிழமை யோசிச்சுப்போட்டு
அவன்ர மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பினன்.
முன்னுக்கு இருக்கச் சுகிர்தாவைக் கூப்பிட்டன்.
ஆசுப்பத்திரியில் துண்டு குடுத்த பிள்ளை,
கப்பாசிற்றரையும் பால்மா டின்னையும் பிரிச்சறியாது.
நேர்முகம் எண்டு ஒண்டும் கேக்கேல்லை.
போன் அடிச்சது. என்ர கை முழுக்கக் கிறீஸ்.
‘எடும் பிள்ளை’ எண்டன்.
அந்தப் பக்கம் புன்னாலைக்கட்டுவனிலிருந்து ஒரு பெரிய கோபம்.
அது முடியுமட்டும் பொறுத்திருந்து கேட்டாள்:
‘ஐயா, தண்ணியில்லாமல் எத்தினை பாத்தி?’
திங்கக்கிழமை வரச் சொன்னன்.

சம்பளத்தை முப்பதாம் திகதியே குடும்.
ஐஞ்சாம் திகதி குடுக்கிற அதே காசை
அவங்கள் வேற மாதிரி எண்ணுவாங்கள்.

பிறகு, பெருப்பிக்கிறது.
சாவகச்சேரியில் இடம் பாக்கிறீராம், கேள்விப்பட்டன்.
நான் கொடிகாமத்தில் ரெண்டாவது கடை போட்டனான்.
ஏழு மாசம்.
வாடகை குடுத்தன், திறப்புக் குடுத்தன்,
பெயரிங் போட்டுதோ இல்லையோ எண்டு
சத்தத்திலேயே பிடிக்கிற இந்தக் காதை
ஆரிட்டைக் குடுக்கிறது?
பூட்டின அண்டைக்கு மிஞ்சின முற்பணத்தில்
பழைய மோட்டர் மூண்டு வாங்கினன்.
‘உங்கடயைத் திருத்துமட்டும் இதைக் கொண்டுபோங்கோ.’
போற கிணத்தடியில் எல்லாம் அயலுக்காரன் கேப்பான்,
‘உது ஆற்றை மோட்டர்?’
அதுதான் இப்ப என்ர கிளைக்கடை.
ஒண்டு அளவெட்டிக்குப் போய்
தைப்பொங்கலில் இருந்து ‘நாளைக்கு’ வருகுது.
விளம்பரச் செலவில் எழுதிப்போட்டன்.

சரி, உம்மட கேள்வி.
‘அக்கா, உங்கட நம்பர் போட்ட மோட்டர் ஒண்டு
என்னட்ட வந்து திருத்தியாச்சு.
நம்பரை அழிக்கிறதோ?’

இரவு நித்திரை வரேல்லை.
என்ர வாசலைத் தாண்டி ஏன் உம்மட்ட வந்தவர்?
விடியச் சுகிர்தா கொப்பியைப் புரட்டிச் சொன்னாள்:
செவ்வாய் வந்தவர். நாங்கள் வெள்ளி எண்டனாங்கள்.
நீர் புதன் எண்டிருப்பீர்.
புதன் குடுத்தும் இருக்கிறீர்.

அழிக்காதையும்.
கீழ உம்மடயை எழுதும்.
வேற நிறத்தில.
மஞ்சள் என்ர.