மூன்று முறை தின்னப்பட்டவள்

முதல் முறை என்னைத் தின்றது ஒரு நீர்நாய்.
லாரி அளவு இருக்கும்.
கண்ணின் சிவப்பைப் பிறகு கணினியில் ஏற்றினார்களாம்.
அன்றைக்கு எனக்கெதிரே இருந்ததென்னவோ
கழியில் செருகிய பச்சை டென்னிஸ் பந்துதான்.
"பந்தைப் பார்த்து அலறு, யோர்தாங்கா!"
அலறினேன்.
நாற்பது லெவா, ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப்.

எங்கள் பெர்னிக்கின் கல்குவாரிக் குட்டையை
அமெரிக்கச் சதுப்பாக்க
அவர்களுக்கு ஒரு காலை போதுமாயிருந்தது.
நெட்டிலிங்க மரத்தில் பிளாஸ்டிக் பாசி,
ஆங்கிலத்தில் ஒரு பலகை,
என் மைத்துனன் ஸ்வெதானின் தலையில்
ஷெரீப் தொப்பி.
பலகையில் ஓர் எழுத்து தப்பு என்று
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சொன்னான்.
பரவாயில்லை, அது இருட்டுக் காட்சி என்றார்கள்.

இரண்டாம் முறை முள்ளெலிகள்.
அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

மூன்றாம் முறை மறுபடியும் அதே நீர்நாய், பாகம் இரண்டு.
போன படத்தில் செத்தவள்
இதில் எப்படி மீன் வாங்குகிறாள் என்று
எவரும் கேட்கவில்லை.
முடிக்கு மட்டும் சாயம் பூசினார்கள்.

எங்கள் ஊர் டி.வி.யில் அது வந்தபோது
என் அலறலுக்கு மேலே
வேறொருத்தி அலறிக்கொண்டிருந்தாள்.
என்னைவிட நன்றாகவே.

*

மேல்மாடி வீட்டு ஸ்வெதலினா
ஒஹாயோவில் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை.
காலை பத்து மணிக்குப் போன்.
அங்கே விடியற்காலை மூன்று.
"அத்தை, இப்பத்தான் உன்னைத் தின்னுது!"

பின்னால் சிரிப்புச் சத்தம்.
தூக்கம் வராத நாலு பேர் அங்கே
இரவெல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார்களாம்.
நல்ல படம் போட்டால் எழுந்து போய்விடுவார்களாம்.
ரப்பர் வால் தெரிய வேண்டும்,
மைக்கின் நிழல் சுவரில் ஆட வேண்டும்,
கடிபட்ட கை அடுத்த காட்சியில்
முழுசாகக் காப்பி கலக்க வேண்டும்.

அவர்களில் வெர்லின் என்றொருவர்,
மூக்கில் ஆக்சிஜன் குழாய், முப்பது வருஷம் லாரி ஓட்டியவர்.
அடுத்து யாரைத் தின்னும் என்று பிஸ்கட் பந்தயம் கட்டுவார்.
"சிவப்புக் கோட்டுக்காரி தப்பிச்சிடுவா,
அவ நடையைப் பாருங்க" என்று
என் மேல் இரண்டு பிஸ்கட் வைத்தாராம்.

போனை வைத்த பிறகும்
அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஓக்னியனைத் தின்றதற்கு வால் கிடையாது.
பதினொரு வருஷம், கொஞ்சம் கொஞ்சமாக,
உள்ளேயிருந்து.
சுரங்கத்துக்குள் அவன் முதல் நாள் இறங்கியபோது
பின்னணி இசை ஏதும் மாறவில்லை.
"போகாதே, முட்டாளே!" என்று
சோபாவிலிருந்து ஒருவரும் கத்தவில்லை.
நானே அல்லவா சோற்று டப்பாவை
அவன் கையில் கொடுத்தேன்.

ஆகவே அந்த நாலு பேரைப் புரிகிறது எனக்கு.
வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரும் மிருகம்.
நாளிரை முடிந்ததும் விளம்பரத்துக்கு வழிவிட்டு
ஒதுங்கி நிற்கும் மிருகம்.
எண்பத்தேழாவது நிமிஷம்
ஒரு பீப்பாய் டீசலில் வெடித்துச் சாக
ஒப்புக்கொண்ட மிருகம்.
அதோடு,
தின்னப்பட்டவர்கள் எல்லாரும் எழுந்து, சேற்றைத் துடைத்து,
சூப்புக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

*

இந்தச் செவ்வாய் நாலாவது படம்.
வளைக்கரடி.
அதே சிவப்புக் கோட்டு, முழங்கையில் தையல் விட்டிருக்கிறது.
உதவி இயக்குநரிடம் கேட்டேன்:
இரண்டாவது விளம்பர இடைவேளை வரைக்குமாவது
என்னை விட்டுவைக்க முடியுமா?
"எதுக்கு?"
ஒஹாயோவில் ஒருவருக்கு
இரண்டு பிஸ்கட் பாக்கி.

அவன் காகிதத்தைப் புரட்டினான்.
ஆள் குறைவு, பார்க்கலாம் என்றான்.
கழியை உயர்த்தினான்.

பச்சைப் பந்து என்னை நோக்கி வருகிறது.
நான் இன்னும் அலறவில்லை.