துவர்ப்பு

தோமெ என்றால் 'நிறுத்து'.
நான்காவதும் பெண் என்றதும் அப்பா வைத்த பெயர்.
நிற்கவில்லை.
பதினான்கு மாதத்தில் நான் வந்தேன்:
சுயே, 'கடைசி'.
நானும் கடைசியில்லை.

நினைவு மலருக்கு இருநூறு சொல் கேட்டிருக்கிறார்கள்,
மொரியோகா ஆய்வுக்கூடத்திலிருந்து.
'உயிர்வேதியியல் பணி பற்றி மட்டும்.'
அடிக்கோடு அவர்களுடையது.

பணி: துவர்ப்பு.
எங்கள் கொல்லைக் ககி மரத்தின் பழம்
சிவந்த பிறகும் வாயைக் கட்டும்.
காம்படியில் சாராயம் தொட்டு, பானையில் மூடினால்
ஆறாம் நாள் தேன்.
அந்தத் துவர்ப்பு எங்கே போச்சு?
ஒன்பது வயதில் கேட்டாள்.
பதில் வரும்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு.

நடுவில் குளிர் அறை.
மூத்த அத்தானின் பட்டாளத்துக் கோட்டு போட்டிருப்பாள்
(ஆள் வரவில்லை, கோட்டு வந்தது).
மையவிலக்கி பகலில் ஆண்களுக்கு,
இரவு பத்துக்கு மேல் அவளுக்கு.
முதல் கட்டுரையில் பேராசிரியர் இவாபுச்சியின் பெயர்,
அவர் மருமகனின் பெயர்,
கடைசிப் பக்கத்தின் அடியில்
குடுவை கழுவிய உதவிக்கு நன்றி:
தோ. ஒயிகாவா.

அழவில்லை.
ரயிலேறி என் வீட்டுக்கு வந்து
ஒரு கூடைப் பச்சைக் ககியை
ஒவ்வொன்றாய்க் கடித்துத் துப்பினாள்.
என் கணவர் மாடிக்குப் போய்விட்டார்.

பிறகு ஒரு மார்ச்சில்,
கூரைப்பனி பொத்தென்று சரிந்துகொண்டிருந்தபோது,
தொலைபேசியில் கத்தினாள்:
"போகவேயில்லை, சுயே!
அத்தனையும் உள்ளேயே இருக்கு.
ஒன்றையொன்று பிடித்துக் கட்டியாகிவிடுகிறது.
கரையாது, நாக்குக்கு எட்டாது,
அவ்வளவுதான்!"
அடுப்பில் சோறு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.
சரி சரி என்று வைத்துவிட்டேன்.

இவாபுச்சி இறந்த வீட்டுக்கு
உலர்ந்த ககி ஒரு பெட்டி கொண்டுபோனாள்,
அவளே தோல்சீவி, கட்டித் தொங்கவிட்டது.
குனிந்து வணங்கினாள்.
மருமகன் ஒன்றைத் தின்று
"என்ன இனிப்பு" என்றாராம்.
இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்,
பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி.

இருநூறு தாண்டிவிட்டது. வெட்டிக்கொள்ளட்டும்.
நொதிக்கு அவள் பெயரில்லை, ஒரு எண் இருக்கிறது,
எனக்கு அது வாயில் நுழைவதில்லை.

இந்த வருடம் காய்ப்பு அதிகம்.
பறிக்க ஆளில்லை. விடியற்காலையில் கரடி வருகிறது,
கிளையை வளைத்து, பச்சையாகவே தின்கிறது,
முகம் சுளிக்காமல்.
அதற்குத் துவர்க்காதா?
இதை அவளிடம் கேட்கவேண்டுமென்று
நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன்.