இரண்டு பக்கத்துக்கும் ஒரே துரை

புத்தூர் சந்தைத் திடலில் டென்ட்.
இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தெலுங்கு.
யாரும் பிரித்து உட்காரவைக்கவில்லை;
ஆதிமூலத்தின் குரல் திரும்புகிற திசை பார்த்து
அவர்களாகவே நகர்ந்துகொண்டார்கள்.

நடுவில் நான், ஆர்மோனியப் பெட்டிமேல்.
படம் பேச ஆரம்பித்ததும்
வாசித்தது போதும், டிக்கெட் கிழி என்றார் கங்கிரெட்டி.
கிழித்தேன்.
பெட்டி உட்காரத் தோதாக இருந்தது.

லண்டன் படம். முன்பு நாடகமாம்.
பார்த்தாலே தெரியும்:
ஒரே கூடம், ஒரே சோபா, இரண்டு கதவு.
துரை வருவார், தொப்பியைக் கழற்றுவார்,
பூச்சாடிப் பக்கமே குனிந்து குனிந்து
காதல் சொல்வார்.
மைக்கு அதற்குள் என்று ஆபரேட்டர் சொன்ன பிறகு
எனக்குப் பூ தெரியவே இல்லை.
அந்தம்மா ஜன்னலைப் பார்த்திருப்பாள்.
வெளியே துணியில் வரைந்த மரம்.
எங்கள் திடலில் காற்றடித்தால்
லண்டனில் அது ஆடும்.

இரண்டணாவுக்கு இத்தனை இங்கிலீஷா என்று
கடலைத்தோல் பறந்தது.
ஆதிமூலம் மூங்கில் குச்சியோடு எழுந்தான்.
"பட்டாளம் கூப்பிடுது கண்ணே, காத்திரு" என்றான் தமிழுக்கு.
வலப்பக்கம் திரும்பி,
"எக்கடிக்கீ போனு. ரேப்பே பெள்ளி."
துரையின் வாய் அசைந்தது ஒரே தடவைதான்.
இங்கே மூக்குச் சிந்தினார்கள்,
அங்கே விசில்.

இரண்டும் தெரியாதவர் புத்தூரில் யார்?
ஆனால் தன் பாதி முடிந்ததும்
எல்லாரும் கடலைக்குத் திரும்பிவிடுவார்கள்.
மறுபாதிக்கும் காது கொடுத்தவள் நான் ஒருத்தி.
எனக்குப் பழக்கம்.
என் அண்ணனிடம் அவன் தமிழில் சொன்னது:
தை பிறக்கட்டும், பார்க்கலாம்.
நகரி ரயிலில் என்னிடம் தெலுங்கில் சொன்னது
நாளைக்கே.

மூன்றாம் இரவு சவுண்டு அறுந்தது.
அந்தம்மா திரும்பினாள், வாயைத் திறந்தாள்,
ஒன்றுமில்லை.
பெண்குரலுக்கு ஆதிமூலம் எதுவும் யோசித்து வைக்கவில்லை.
குச்சி அவள் கன்னத்தில் நிழலாக நின்றது.

நான் சொன்னேன், பெட்டியிலிருந்து எழாமல்:
"எந்தப் பக்கத்துத் துரை வர்றார்?
அதை முதல்ல சொல்லுங்க."
அதையே தெலுங்கிலும்.

டென்ட் அதிரச் சிரித்தார்கள். படம் என்றே நினைத்தார்கள்.
மறுநாள் அறுபது டிக்கெட் கூடுதல்.
தினம் சொல்லு தேசம்மா, அரையணா சேர்த்துத் தருகிறேன்
என்றார் கங்கிரெட்டி.

ஒன்பது இரவு கேட்டேன்.
ஒன்பது இரவும் குச்சியைக் கைமாற்றிக்கொண்டு
அவன் ஆபரேட்டரைப் பார்த்தான்.
பத்தாம் நாள் காலை படப்பெட்டி
ரேணிகுண்டா வண்டியில் ஏறியது.

அந்தம்மா நிஜத்தில் என்ன சொன்னாளோ,
இங்கிலீஷில்.