கதவுகளைக் கொண்டுபோனவர்கள்

ஏழாம் குழியில் சாம்பல் இல்லை.
எட்டிலும் இல்லை.
அனார்கிரோஸ் மண்ணை விரலில் தேய்த்து
நாக்கில் வைக்கிறார்,
கொதிக்கும் சட்டியில் உப்புப் பார்ப்பதுபோல.
மூன்று ஆள் கனத்தில் மதில்,
ஆறு கோபுரம்;
இத்தனை கட்டிக் காத்த ஊர்
எரிந்துதானே போயிருக்க வேண்டும் என்கிறார்.
லாரிசாவிலிருந்து மலையேறி வந்த நிருபரும்
அதைத்தான் எழுதிக்கொண்டு இறங்கினார்.

வெளியே, சரிவில், நாற்பத்தொரு ஈயக் குண்டுகள்.
கவணில் வைத்து வீசியவை. வாதுமைக் கொட்டை அளவு.
ஒன்றில் எழுத்து வார்த்திருந்தது: ஏந்திக்கொள்.
திராசிவூலோஸ் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.
உள்ளே விழுந்தவை மூன்றே.
எறிந்தவனுக்குக் கை வலித்திருக்கும்;
அறுவடைக்கு ஊர் திரும்பியிருப்பான்.

என் வேலை வரைவது.
ஐம்பதுக்கு ஒன்று அளவில், கல்லுக்குக் கல்.
காற்று தாளைப் பிடுங்குகிறது;
நாலு மூலையிலும் எண் போடாத ஓட்டுச்சில்
பாரம் வைத்திருக்கிறேன்.
கோடு நிற்கும் இடம் வாசல்.
பதினாறு வீடு, பதினாறு வாசல்,
கதவு ஒன்றுகூட இல்லை:
ஆணியில்லை, குமிழில்லை, கரித்துண்டில்லை.
குடுமிக் குழிகள் மட்டும்,
நேற்றைய மழைத்தண்ணீரோடு.

யாரும் கொளுத்தவில்லை.
விடிந்ததும் கதவைக் கழற்றி
கழுதைமேல் ஏற்றிக் கட்டி
இறங்கிப் போயிருக்கிறார்கள்.
கல்லை விட்டுவிடலாம், அது மலை கொடுத்தது.
மரத்துக்குத்தான் காசு.
செய்தித்தாளுக்கு இது போதாது.

பதினொன்றாம் வீட்டுப் படிக்கல்லை
எவாந்தியா தூரிகையால் துடைத்தபோது
கால்வட்டமாய் ஒரு கீறல்.
கதவு தொங்கிப்போய் உரசியிருக்கிறது,
ஒருநாள் இருநாள் அல்ல, விரல் அமிழும் ஆழம்.
ஒவ்வொரு முறையும் தூக்கித் தள்ள வேண்டிய கதவு.
நாளைக்குச் சீவிக்கொள்ளலாம் என்று
தினமும் யாரோ சொன்ன கதவு.
அதையும்
விடாமல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கோடு நிற்கும் இடத்தில் பென்சிலை ஊன்றி
அந்தக் கால்வட்டத்தை வரைந்தேன்.
கதவுக்கு ஆதாரம்? என்றார் அனார்கிரோஸ்.
கூட்டிப்போய்க் காட்டினேன்.
குந்தி உட்கார்ந்து கீறலில் விரலை ஓட்டினார்,
முன்னும் பின்னும், முன்னும் பின்னும்,
யாரோ வருவதும் போவதுமாய்.
அழிக்கச் சொல்லவில்லை.

வோலோஸில் என் வாடகை வீட்டுக் கதவும்
மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும்.
வெள்ளிக்கிழமை இரவு தோளால் இடித்துத் திறந்தேன்.
பையை இறக்கும் முன்
தரையைப் பார்த்தேன்:
மொசைக்கில் வெள்ளையாய் ஒரு வளைவு.
இன்னும் ஆழமில்லை.