முட்டு

வட்டக்கச்சி வயலில் சூடடிக்கிற மெசினை நிறுத்திவிட்டு
ஒன்பது மணிக்கு வந்தான் நிமலராசன்,
தோள் இரண்டும் காதுவரை ஏற.
"தூசி... மிஸ்ஸி..."
ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு.

தூசி கீறின கலத்திலிருந்து
ஏ.ரி.பி. கசிந்திருக்கும்.
உள்ளே இருக்குமட்டும் அது அடுப்பு விறகு.
வெளியே சிந்தினால்
அயல்தசையின் கதவில் தட்டுகிற கை.
கல்சியம் எழும்பும்.
மூச்சுக்குழாயைச் சுற்றின மெல்லிய தசை
ஈரக் கயிறாய் முறுகும்.

அதிலும் பிழை சொல்ல ஏலாது.
ஆபத்து என்று கேட்டவுடன்
பங்கருக்குள் நானும்
தம்பியின் வாயைப் பொத்தினேன்,
காக்கத்தான்.

நெபுலைசர் புகைகிறது.
இருபது நிமிடம். தோள் இறங்குகிறது.
விசிலடித்த நெஞ்சு
இப்போது குசுகுசுக்கிறது.

"மெசினுக்கு மணித்தியாலக் காசு மிஸ்ஸி,
போகட்டோ?"

"இரும்" என்றேன்.
"இன்னும் தட்டுது."