ஒரு அங்குலம்

மைக்கில் சொல்கிறார்கள்:
அப்பனைப் போலவே இடது கைக்காரன்,
அப்பனைப் போலவே அறுபத்து மூன்றரை கிலோ,
அப்பனைவிட இரண்டு அங்குலம் நீண்ட கை.
ஜுஃபைர் ஹோட்டலின் கல்யாண ஹாலில்
கயிறு கட்டி, விளக்கு கட்டி,
நாற்காலிக்குப் பன்னிரண்டு தினார்.

அளந்தவர்கள் அளந்தபடி இருக்கட்டும்.
இருபத்தெட்டு வருட நர்ஸ் நான்,
இரண்டு உடம்பும் தெரியும்.
ஒன்றின் புருவத்தைச்
சமையலறைக் குழல்விளக்கில் தைத்தேன்,
மரத்துப்போகும் ஊசி போடாமல்.
மற்றதைப் பெற்றேன்.

அன்றைக்குக் குதைபியாவில் ஒரு கிடங்கு.
பத்துச் சுற்று.
இவர் பெனடிக்ட் மோத்தா, எதிரே மணிலாக்காரர் டான்டோ.
எனக்கு ஏழாம் மாதம், பார்க்கப் போகவில்லை.
மூன்று முறை விழுந்தாராம்,
மூன்று முறையும் எழுந்தாராம்.
தோற்றவருக்கு நூற்றெண்பது தினார்.
அதில் வாங்கிய ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுகிறது.
இவர்தான் அதன் கதவைத் திறந்துவிட்டு
எதற்குத் திறந்தோமென்று
குளிரில் நிற்கிறார்.

போன ரமலானில் 'கரண்டி' போனது.
சொல் வராமல்
காற்றில் கிண்டிக் காட்டினார்.
எதிரே உட்கார்ந்திருந்த கிளைவ்
எடுத்துக் கொடுத்தான், ஒன்றும் பேசவில்லை.
மறுநாளிலிருந்து
பின்னால் நகரப் பழகினான்.
எகிப்துக்காரக் கோச் கத்தினார்.
கேட்டுக்கொண்டே நகர்ந்தான்.

இப்போதும் நகர்கிறான்.
டான்டோவின் மகன் ஜோமர்
காற்றை அடித்துக் களைக்கிறான்.
"டேய், உங்கப்பன் ஒரு அங்குலம் நகர மாட்டாண்டா!"
பின்வரிசையிலிருந்து ஒரு தமிழ்க் குரல்.
உண்மைதான், நகர மாட்டார்.
வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார்,
ரசீது மட்டும்
தாமதமாக வந்தது.

பக்கத்து நாற்காலியில் டான்டோ.
வயிறு விழுந்துவிட்டது,
ஏசி பழுது பார்க்கும் கம்பெனியின் சட்டை.
இவர் கையில் நடுங்கிய தண்ணீர் பாட்டிலை
வாங்கித் திறந்து
திரும்பக் கொடுத்தார்.
இவர் குடித்துவிட்டுக் கேட்டார்,
பாதி ஹிந்தி, பாதி அரபி:
"நம்ம சண்டையில் யார் ஜெயிச்சது?"
டான்டோ என்னைப் பார்த்தார்.
பிறகு மேடையைப் பார்த்துக்கொண்டு,
"நீதான்."

இரண்டு நடுவர்கள் ஜோமருக்கு,
ஒருவர் கிளைவுக்கு.
கூச்சல், காலி கோக் டின்கள்.
தோற்ற முகத்தில் ஒரு கீறல் இல்லை.
கொண்டுவந்த ஐஸ் பை
கைப்பைக்குள் உருகி
விசா நகலை நனைத்திருந்தது.

நான்தான் கார் ஓட்டினேன்.
பின்சீட்டில் அப்பாவும் பிள்ளையும்.
"பயந்துட்டியா?"
"ஆமாப்பா."
இவர் ஒரு சொல்லைத் தேட ஆரம்பித்தார்.
வாய் அசைவது கண்ணாடியில் தெரிந்தது.
பெரிய பள்ளிவாசல் சிக்னலில் சிவப்பு.
'நல்லது' என்று இருக்கலாம்,
'கோழை' என்றும் இருக்கலாம்.
கிளைவ் இந்த முறை எடுத்துக் கொடுக்கவில்லை,
காத்திருந்தான்.
பச்சை விழுந்தது,
பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.