மாத்தி

ஊத்தான் மெலிந்தாங் முச்சந்தியில்
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
ஒரு சாண் மிச்சம் வைத்து என் பின்னால் நின்றது.
ஓட்டுநன் தலையை நீட்டிச் சொன்னான்:
'லம்பு பிரேக் மாத்தி, காக்.'
அவன் பாஷையில் செத்துப்போச்சு.
என் காதில் என் பாஷைதான் விழுந்தது.
மாத்தினேன்.

இரண்டு பல்பு, ஐந்து வெள்ளி.
புதுசும் எரியவில்லை.
ஒரே நாளில் இரண்டு கண்ணும் அவியுமா என்று
வாங்கும் முன்னே யோசித்திருக்க வேண்டும்.
ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்துக்குக் காட்டினேன்,
கம்பி அறுபடவில்லை.
திரும்பச் செருகி ஹாரன் அடித்தேன், அதற்கும் அதே ஃபியூஸ்;
அடுத்த வீட்டு நாய் பதில் சொன்னது.
பின்விளக்கு எரிகிறது, சிக்னல் சிமிட்டுகிறது.
நிற்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டியது மட்டும்
வாய் திறக்கவில்லை.

பெடலை மிதித்துக்கொண்டே
பின்னால் போய்ப் பார்க்குமளவு
எனக்குக் கால் நீளமில்லை.
வீட்டில் இருந்தது தவமணி அண்ணி மட்டும்.
சீட்டுப் பணம் எழுநூறு வெள்ளி விஷயமாக
நோன்புப் பெருநாளுக்கு முன்பிருந்தே
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
காரைக் காட்டினேன். வந்து உட்கார்ந்தாள்.
மூன்று மாதத்தில் முதல் சொல் என்னுடையது:
'மிதிங்க.'
மிதித்தாள். பலமாகவே.
'எரியுதா?'
'இல்ல.'
'எனக்கு எரியுது,' என்றாள்
கண்ணாடியில் என்னைப் பார்த்து.

அவள் முழங்காலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே
தலையை விட்டேன்.
முப்பது வருஷத்து இஸ்வாராத் தூசி,
யாரோ தவறவிட்ட இருபது காசு,
பெடல் தண்டுக்கு மேலே
கட்டைவிரல் தடிமனில் ஒரு சுவிட்ச்.
மிதித்தால் அதன் பொத்தான் வெளியே வர வேண்டும்.
வந்தது. உள்ளேதான் செம்பு தேய்ந்து
வாங்கிய சேதியை அப்பால் கொடுக்கவில்லை போல.

சாக்கெட்டைக் கழற்றிவிட்டேன்.
இரண்டு வயரையும் சேர்த்துப் பார்க்க
கையில் ஒன்றுமில்லை.
நான் தடவுவதைப் பார்த்து
பொத்தான் போன கஃப்தானில் குத்தியிருந்த ஊக்கை
எடுத்து நீட்டினாள் அண்ணி.
செருகினேன்.

மழை விட்ட சிமெண்டில்,
எதிர்வீட்டுத் தகரக் கேட்டில்,
நாயின் முகத்தில்கூடச்
சிவப்பு.

ஆ லெக் கடையில் சுவிட்ச் பதினெட்டு வெள்ளியாம்.
ஊக்கோடு கிளம்பினோம்.
ஓடும்போதும் நிற்கிறேன் நிற்கிறேன் என்று
பொய் சொல்லிக்கொண்டே போனது கார்.
லோரிகள் மரியாதையாகத் தள்ளி வந்தன.

கழுத்துத் துணியைக் கையால் பிடித்தபடி
பாலம் தாண்டியதும் சொன்னாள்:
'சுவிட்ச் போட்டதும் ஊக்கைக் குடுத்துடு.
அது என்னோடது.'
எழுநூறையும் என்று சொல்லவில்லை.
சொல்லுவாள்,
திரும்பி வரும்போது.